நான் கையெழுத்துப் போட்ட பத்து நாள்

என் மகள் வாட்ஸாப்பில் முதல் நாள் அனுப்பியது இருபது வார்த்தை. வெகேஷன், ப்ரேக், ட்ரிப், சைட்சீயிங், ஐடினெரரி என்று ஒன்றின் கீழ் ஒன்றாக. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று தமிழில் தட்டியிருந்தாள். கடைசி வார்த்தை அன்வைண்ட். ‘மனசை லேசாக்கிக்கறதுன்னு அர்த்தம்மா’ என்று கீழே விளக்கம் வேறு. அந்த நேரத்தில் நான் ஒரு கையால் அரிசி களைந்துகொண்டு மறு கையில் செல்லைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்து விட்டெறியலாமா என்று தோன்றியது. செல் அவள் வாங்கித் தந்தது என்பதால் மேஜைமேல் வைத்தேன்.

விஷயம் இதுதான். மகளும் மாப்பிள்ளையும் ஆறு வருஷமாக ஒரு குளிர் நாட்டில் இருக்கிறார்கள். அவள் முழுகாமல் இருந்தாள். பிரசவத்துக்கு நானும் என் கணவரும் போய் ஐந்து மாதம் இருக்க வேண்டும். அதற்குச் சென்னையில் விசா நேர்காணல். அங்கே போய், பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லக் கூடாதாம். மலையாள ஊரில் தமிழ் அக்ரஹாரமான வலியசாலையில், எங்கள் தெருவில் இது வேதவாக்கு. மூன்றாம் வீட்டு மாமி அப்படிச் சொல்லித்தான் விசா கிடைக்காமல் திரும்பினாளாம். அவள் அங்கே வேறு என்னென்ன உளறினாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் தெருவிலிருந்து பிரசவம் பார்க்கப் போகிற அத்தனை அம்மாக்களும் வெகேஷன் போகிறவர்கள்தான். லேகியப் பாட்டிலைப் புடவைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு வெகேஷன் போவார்கள், அஞ்சு கிலோ இளைத்துத் திரும்பி வருவார்கள்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று வீட்டில் யார் முடிவு கட்டினார்களோ தெரியாது. முப்பத்தொரு வருஷம் ஒரு சர்க்கார் ஆபீஸின் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்ஷனில் உட்கார்ந்து ஊரார் லீவைப் பார்த்தவள் நான். கேஷுவல் லீவ், ஏர்ன்ட் லீவ், ஹாஃப் பே லீவ், கம்யூட்டட் லீவ் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமை லீவுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டால் ப்ரிஃபிக்ஸ், பின்னால் ஒட்டிக்கொண்டால் சஃபிக்ஸ். இந்த இரண்டு வார்த்தைக்காக என் மேஜைக்கு முன்னால் ஆபீஸர்கள் கைகட்டி நின்றிருக்கிறார்கள். அன்வைண்ட் என்கிற வார்த்தை மட்டும் அந்த முப்பத்தொரு வருஷத்தில் ஒரு காகிதத்திலும் என்னிடம் வந்ததில்லை.

வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அனுப்பியும் இருக்கிறேன். லீவ் விண்ணப்பத்தில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எல்லோரும் மாமியாருக்கு சுகமில்லை, சித்தப்பா காலமானார், குருவாயூர் நேர்ச்சை என்று எழுதுவார்கள். ஒருமுறை எங்கள் டைப்பிஸ்ட் அந்தக் கட்டத்தில் ‘ரெஸ்ட்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தாள். நான் சிவப்பு மையில் சுழித்து, சரியான காரணம் எழுதவும் என்று திருப்பினேன். அவள் என் மேஜைக்கு வந்து, “சேச்சீ, எனிக்கொந்நு உறங்ஙணம், அத்ரேயுள்ளூ” என்றாள். கொஞ்சம் தூங்கணும், அவ்வளவுதான் என்கிறாள். ரூல் என்ன சொல்கிறது என்று நான் அவளுக்குப் பாடம் எடுத்தேன். அவள் பேனாவை வாங்கி, மாமியாருக்கு நெஞ்சுவலி என்று எழுதினாள். அந்த மாமியார் கல் மாதிரி இருக்கிறவள் என்று ஆபீஸுக்கே தெரியும். உடனே பாஸ் பண்ணினேன். அதை இப்போது நினைத்தால் என்னையே அறையலாம் போல இருக்கிறது.

சரி, என் லீவ் என்ன ஆயிற்று? ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி. மாமியாரின் கண் ஆபரேஷன், நாத்தனாரின் இரண்டு பிரசவம், மாமனாரின் கடைசி ஏழு மாதம், வருஷா வருஷம் இரண்டு திவசம், மகளின் பரீட்சைகள். நான் ஆபீஸுக்குப் போகாத ஒவ்வொரு நாளும் ஆபீஸைவிட அதிகமாக உழைத்த நாள். லீவ் முடிந்து திரும்பிப் போய் நாற்காலியில் உட்காரும்போதுதான் அப்பாடா என்றிருக்கும்.

சுற்றுலா போகவே இல்லையா என்று கேட்டால், ஒருமுறை போனேன். ஆபீஸிலிருந்து பஸ் பிடித்துப் பொன்முடி. முப்பது பேருக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் என் பொறுப்பு, ஏனென்றால் இந்த மாமியின் புளியோதரை பிரமாதமாம். விடிவதற்கு முன் எழுந்து கிளறினேன். வழியில் கல்லாற்றில் இறங்கி எல்லோரும் ஆற்றில் குளித்தார்கள். நான் கரையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து இருபது ஜோடி செருப்பையும் நாலு கைப்பையையும் காவல் காத்தேன். தண்ணீர் ஜில்லென்று இருந்ததாம், வந்து சொன்னார்கள்.

ஆகவே, தினமும் காலை ஆறரைக்கு வெகேஷன் வகுப்பு ஆரம்பித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். அவளுக்கு அங்கே சாயங்காலம். வேலை முடிந்து சோபாவில் சாய்ந்துகொண்டு கூப்பிடுவாள். எனக்கு இங்கே குக்கர், இட்லித் தட்டு, பால்காரர். செல்லைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துப் பேசுவேன். என் கணவர் காபி டம்ளரோடு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்குப் பாடம் கிடையாது. அவர் பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர், அவருடைய இங்கிலீஷ் பிறவியிலேயே வந்தது.

“அம்மா, நான்தான் இப்போ விசா ஆபீஸர். கேட்டியா? வாட் டூ யூ லைக் டு டூ ஆன் ஹாலிடே?” என்பாள் மகள்.

எனக்கு வார்த்தை வராது. இங்கிலீஷ் வராமல் இல்லை. லீவில் எனக்கு என்ன பண்ணப் பிடிக்கும் என்பதே தெரியாமல்தான்.

“சும்மா ஏதானும் சொல்லும்மா. போட்டிங், ஹைக்கிங், ஏதானும் ஒண்ணு சொன்னா மதி, அது போறும்.”

“அவளுக்கு பயம். அங்கே போய் முழிக்கப் போறா பாரு” என்பார் இவர், டம்ளருக்குள்ளிருந்து.

நான் தோசைத் திருப்பியோடு திரும்பி, “நீங்கோ அந்த டம்ளரைக் கழுவி வையுங்கோ, எனக்கு பயம் போயிடும்” என்றேன். மகள் சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஒரு மாதத்தில் நாற்பத்தொரு வார்த்தை படித்தேன். ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் எழுதிவைத்து, காய் நறுக்கும்போது சொல்லிப் பார்ப்பேன். ஆஃப் சீஸன். ஸீனிக். லெஷர். லெஷர் என்றால் வேலையில்லாத ஓய்ந்த நேரம் என்று போட்டிருந்தாள். அதை எழுதிக்கொண்டபோது பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது.

இதற்கு நடுவில் பயண ஏற்பாடு நடந்தது. அங்கேதான் எனக்கு நிஜமான கோபம் வந்தது. ஒருநாள் இவர் சாலை பஜாருக்குப் போய் ஒரு ஜோடி ஸ்போர்ட்ஸ் ஷூவும் கம்பளித் தொப்பியும் வாங்கிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை இவருக்கென்று தனியாக ஒரு பட்டியல் போட்டிருக்கிறாராம். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு இடம்: ஏரி, மியூசியம், மலை ரயில். என் பெட்டிக்கு வந்த பட்டியல் வேறு. அங்காயப்பொடி, சுக்கு, திப்பிலி, பிரசவ லேகியம், குழந்தைக்குத் துணி கட்ட இவருடைய பழைய வேஷ்டிகளைக் கிழித்துத் துவைத்து இருபத்துநாலு துண்டு.

“அப்போ உங்களுக்கு வெகேஷன் நெஜம்தானா?” என்று கேட்டேன்.

“பின்னே? அவ்வளவு தூரம் போயிட்டு ஒண்ணும் பாக்காமலா வர முடியும்?” என்றார், தொப்பியைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தபடி.

“எனக்கு?”

“நீயும் வாயேன், ஒழிஞ்சா.”

ஒழிஞ்சா! கைவேலை தீர்ந்து நேரம் கிடைத்தால் என்று அர்த்தம், கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டுவரும் வார்த்தை. இந்த வீட்டில் எனக்கு ஒழியாது, இவருக்கு எப்போதும் ஒழிந்தே இருக்கும். பொய் சொல்லப் படிக்கிறவள் நான், நிஜமாகவே ஊர் சுற்றப் போகிறவர் இவர். அவருக்கு அந்த நாற்பத்தொரு வார்த்தையும் வேண்டியிருக்கவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மோரும் ஊறுகாயும்தான் வைத்தேன்.

பிறகு காகிதங்கள் வந்தன. மாப்பிள்ளை விண்ணப்பத்தை அங்கேயே நிரப்பி மெயில் பண்ணியிருந்தார். இவர் சாலை பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்து வந்து, “இங்கே, இங்கே, இங்கே கையெழுத்துப் போடு” என்றார். காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு எனக்குப் பழக்கமில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் பெயரில் பத்து நாள் பயணத் திட்டம் ஒன்று இருந்தது. முதல் நாள் ஏரியில் படகு. இரண்டாம் நாள் ஏரிக்கரை ஊரில் ஓய்வு. ஓய்வு என்றே போட்டிருந்தார்கள், காரணம் கேட்காமல். நாலாம் நாள் மலை ரயில். ஆறாம் நாள் பழைய கோட்டை. ஒன்பதாம் நாள் பூந்தோட்டம். தங்கும் விடுதிகளின் பெயர்கூட இருந்தது. கடைசியில், மேலே கண்டவை எல்லாம் உண்மை என்று ஒரு வரி. அதன் கீழே என் கையெழுத்துக்கு இடம்.

“இது நடக்கப் போறதா?” என்றேன்.

“விசாவுக்காக எழுதறது. எல்லாரும்தானே போடறா” என்றார்.

“நான் எல்லாரும் இல்லை.”

இரண்டு நாள் அந்தக் காகிதத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இவர் முதலில் கெஞ்சினார், பிறகு கத்தினார். “வெண்ணெய் திரண்டு வரச்சே தாழியை உடைக்கறாய்” என்றார். மகள் தினமும் கூப்பிட்டாள். நேர்மை, நியாயம் என்று நான் அடம் பிடிப்பதாக அவர்கள் நினைத்தார்கள். நான் அந்தப் பத்து நாளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு வருஷத்தில் பொய்யான ஒரு காகிதத்தின் கீழ் தெரிந்தே கையெழுத்துப் போட்டவள் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. அந்த மாமியார் நெஞ்சுவலியைத் தவிர. இதையும் பொய்யாக்கப் போவதில்லை என்று மூன்றாம் நாள் காலையில் முடிவு பண்ணினேன். அதில் எழுதியிருக்கிற பத்து நாளும் எனக்கு வேண்டும். போகத்தான் போகிறேன். அப்படி நினைத்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன், நிறுத்தி நிதானமாக, புள்ளி வைத்து. இவர் பெருமூச்சு விட்டுக் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

சென்னையில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது என் மகள் வயதுப் பெண். இவரிடம் இரண்டு கேள்வி கேட்டாள். பேங்க் மேனேஜருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. “எஸ் எஸ், வெகேஷன், வெகேஷன்” என்றார், மேலே போக முடியவில்லை. அவள் என்னைப் பார்த்து, நீங்கள் என்ன பார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டாள்.

எனக்குத் தடுமாற்றமே இல்லை. ஏரியில் ஆரம்பித்தேன். படகு காலை பத்து மணிக்கு, அதற்கு முன்னால் கரையில் நடக்கப் போகிறேன். இரண்டாம் நாள் ஒன்றும் பண்ணப் போவதில்லை, ஐ வில் அன்வைண்ட் என்றேன். மலை ரயிலில் ஜன்னல் சீட் வேண்டும் என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். மகளைப் பார்க்கவும்தானே போகிறீர்கள் என்றாள். ஆமாம், அவளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, முதலில் அவளைப் பார்த்துக்கொள்வேன், பிறகு இந்தப் பத்து நாள் என்றேன். பக்கத்தில் இவர் மூச்சு நின்றது எனக்கே கேட்டது. அந்தப் பெண், வாழ்த்துக்கள், நல்லபடியாகப் போய்விட்டு வாருங்கள் என்று விசா ஒட்டித் தரப் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். பிரசவம் என்கிற வார்த்தைக்கு வானம் இடிந்து விழவில்லை. ஒரு மாதமாக எதற்காக என் காலை நேரத்தைப் பிடுங்கினார்கள் என்று எனக்கு வயிறு எரிந்தது.

வெளியே வந்ததும் இவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பிரசவம்னு சொல்லிட்டாயே! நல்ல வேளை, பாக்கியை ஜோராப் புளுகினாய்” என்றார்.

“ஒண்ணும் புளுகலை. நான் போகப் போறேன்” என்றேன்.

ஊருக்குத் திரும்பும் ரயில் எர்ணாகுளம் தாண்டும் வரை அவருக்கு அது விளையாட்டு என்றே நினைப்பு. மறுநாள் காலை ஆறரைக்கு மகளிடம் நானே சொன்னேன். முதல் இரண்டு மாதம் இரவும் பகலும் நான் பார்த்துக்கொள்கிறேன். மூணாம் மாசம் பத்து நாள் எனக்கு லீவ். அந்தப் பட்டியலில் இருக்கிற இடங்களுக்கு டூர் பஸ்ஸில் தனியாகப் போய்வருவேன்.

“அம்மா, அது சும்மா விசாவுக்காக எழுதினதும்மா!”

“கையெழுத்து என்னோடது.”

“கைக்குழந்தையை வெச்சுண்டு நான் திண்டாடறச்சே நீ போட்ல போவியா?” என்றாள். “நீ அம்மாதானா?”

அந்தக் கேள்வி வலித்தது. இன்றைக்கும் வலிக்கிறது. அவளுக்கு முதல் பிரசவம், அந்நிய ஊர், பயம் இருக்காதா? எல்லாம் தெரியும். ஆனால் அவள் அப்பாவின் சனிக்கிழமைகளைப் பற்றி இந்தக் கேள்வி யாருக்கும் வரவில்லையே. அதைக் கேட்டேன். “அப்பா வேற, அவருக்கு என்ன தெரியும்?” என்றாள். உனக்கு முடியாதென்றால் சொல்லிவிடு, என் மாமியாரைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றாள்.

“கூப்பிடு” என்று வைத்துவிட்டேன்.

ஐந்து நாள் செல் அடிக்கவில்லை. காலை ஆறரைக்குச் சமையலறை வெறிச்சென்று இருந்தது. இவர் என்னோடு பேசவில்லை, ஆனால் வேளாவேளைக்குச் சாப்பிட்டார். இரண்டாம் நாள் நானே கூப்பிட்டு, விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லிவிடலாமா என்று செல்லைக் கையில் எடுத்தேன். பீரோவைத் திறந்து அந்தக் காகிதத்தின் நகலை ஒருமுறை படித்தேன். செல்லைக் கீழே வைத்துவிட்டேன். அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கோபத்தில்தான் அழுதேன்.

ஆறாம் நாள் அவள் கூப்பிட்டாள். சம்பந்தி மாமிக்கு முட்டுவலியாம், குளிர் ஒத்துக்கொள்ளாதாம், வர முடியாதாம். பிறகு, “எந்தப் பத்து நாள்னு மொதல்லயே சொல்லிடும்மா. ஆனா அந்தப் பத்து நாள் எனக்குப் பத்தியம் யார் சமைப்பா?” என்றாள்.

“அப்பா” என்றேன்.

நாற்காலியில் இவர் கையில் காபி டம்ளர் பாதி வழியில் நின்றது.

புறப்பட மூன்று வாரம் இருந்தது. அன்றைக்கே ஆரம்பித்தேன். எங்கள் வீட்டுக்குள் பூண்டு வருவது பிரசவத்துக்கு மட்டும்தான். சாலை பஜாரிலிருந்து இவரையே அரைக் கிலோ வாங்கி வரச் சொல்லி, உரிக்க வைத்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. புளி எவ்வளவு, மிளகு எவ்வளவு, நல்லெண்ணெய் எப்போது என்று ஒருதரம் சொன்னேன். பிறகு அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

“இதெல்லாம் மூணு வாரத்துல படிச்சுத் தீருமா?” என்று அடுப்படியிலிருந்து கத்தினார்.

“ஒரு மாசத்துல எனக்கு நாற்பத்தொண்ணு படிப்பிச்சேளே. உங்களுக்குப் பத்தே பத்து சமையல்தான்.”

“கருகற மாதிரி இருக்கு. ஒரு தடவை வந்து பாரேன்!”

வாசனை எனக்கும் வந்தது. கால் தானாக எழப் பார்த்தது. நாற்காலிக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று மத்தியானம் கருகின பூண்டுக் குழம்பைத்தான் இரண்டு பேரும் சாப்பிட்டோம். கசந்தது. நான் இன்னும் கொஞ்சம் கேட்டேன், அவர் எழுந்து வந்து பரிமாறினார்.